டம்மி வரிகள்

நங்கநல்லூர்
8 ஜனவரி 2024

தம்பி ஜவஹருக்கு,

அக்கா சந்திரிகா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கிறேன். வழக்கத்துக்காகப் பதில் எழுதலாம்.

நங்கநல்லூருக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே பதினான்கு கிலோமீட்டர்தான், இதற்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். உன்னோடு பேசுவதில்லை என்றுதான் முடிவெடுத்தேன். எழுதுவதில்லை என்று எடுக்கவில்லை. காரணம் தெரியாத மாதிரி நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதால் ஒரு முறை எழுத்தில் வைக்கிறேன். அப்பா இறந்த அன்று நான் அழுததை நீ பதிவு செய்தாய். பத்து மாதம் கழித்து அதை ஒரு பேய்ப் படத்தின் பின்னணி இசையில் சேர்த்தாய். குளியலறையில் பேய் சோப்பு வழுக்கி விழுந்து அழுகிறதே, அந்தக் காட்சியில். தம்பியின் பெயர் திரையில் வருமென்று எதிர்வீட்டு ஜமீலுன்னிசாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பேய் என் குரலில் அழுதது. தியேட்டர் சிரித்தது. ஜமீலுன்னிசாவும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து உன் காதில் விழும்படி நான் எதுவும் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுந்ததா என்று பார்க்கத் தோன்றும். தபாலில் அந்தத் தொல்லை இல்லை. காகிதத்தில் மைக் வைக்க முடியாது என்பது கூடுதல் வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 4, ஞாயிறு, அப்பாவின் திதி. காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு இங்கே வந்து சாப்பிட வேண்டியது மகனின் கடமை. சமைத்து வைத்திருப்பேன். நான் இருக்க மாட்டேன். சாவி எதிர்வீட்டில். பால் ஃபிரிட்ஜில். சாப்பிட்டுப் பூட்டிக்கொண்டு போ. நான் எங்கே என்று கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
சந்திரிகா


மயிலாப்பூர்
20 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் கீபோர்டும் நலம். லஸ் முனையில் மெட்ரோவுக்குத் தோண்டுவதால் வீடு மட்டும் மெல்ல அதிர்கிறது. அளந்து பார்த்தேன், இரண்டரைக் கட்டை சுருதி. பகலில் அதற்கு ஒத்துப்போகிற மாதிரிதான் மெட்டுப் போட முடிகிறது. அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் குற்றச்சாட்டுக்குப் பதில். அது பதினோரு விநாடி. அதையும் சுருதி இறக்கி, வேகம் குறைத்து, எதிரொலி கூட்டித்தான் சேர்த்தேன். ‘பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாதுணா’ என்று என் சவுண்ட் இன்ஜினியர் நதீம் சான்றிதழ் கொடுத்தான். உனக்குத் தெரிந்தது என்றால் அது உன் காதின் கோளாறு, என் வேலையின் கோளாறு அல்ல. ரெக்கார்டர் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். மழை, ரயில், மீன் விற்கிற குரல், எதையும் விடுவதில்லை. இசையமைப்பாளன் காதை மூடிக்கொண்டு துக்கவீட்டுக்கு வர முடியாது.

இப்போது நல்ல வேலை ஒன்று வந்திருக்கிறது. போனில் கேட்கிற தொடர் நாடகம். படமே கிடையாது, அதனால் சுவரும் கதவும் வெயிலும் எல்லாம் இசையே செய்ய வேண்டும். பெயர் ‘நிற்கும் வேலை’. பன்னிரண்டு பகுதி, வாரம் ஒன்று. தேவானை என்ற பெண் தி. நகரில் சேலைக் கடை விற்பனைப் பெண், அவளுடைய கதை. இயக்குநர் ஜுவேரியா, ராயப்பேட்டைக்காரர். முதல் நாளே, ‘எனக்கு மழை வேணும் ஜவஹர், ஆனா யாரும் நனையக் கூடாது’ என்றார். புரிந்த மாதிரித் தலையாட்டினேன், வேலை கிடைத்தது. முதல் பன்னிரண்டு விநாடிக்குள் யாராவது அழ வேண்டும் என்பது கம்பெனியின் விதி. இல்லாவிட்டால் கேட்பவர் அடுத்த நாடகத்துக்குத் தள்ளிவிடுவாராம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டு ஊரையே நிறுத்தப்போகிறது.

பிப்ரவரி 4 வருகிறேன்.

உன் தம்பி,
ஜவஹர்


நங்கநல்லூர்
14 பிப்ரவரி 2024

தம்பிக்கு,

நலம். நீ வந்துபோனதைப் பாத்திரங்கள் சொல்லின. பாயசத்தில் முந்திரியைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை மூடி வைத்திருந்தாய். பாலை எடுத்தவன் திரும்ப உள்ளே வைக்கவில்லை, திரிந்துவிட்டது. நீ பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாய், இலையில் உட்கார ஒன்றே முக்கால் ஆயிற்று என்று ஜமீலுன்னிசா சொன்னாள். வடை ஆறிப் போயிருக்கும். பரவாயில்லை.

உன் தேவானையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பதினெட்டு வருஷமாகச் சேலைக் கடைக்காரரின் மனைவி, இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. சேலைக் கடைப் பெண் பாட மாட்டாள். எங்கள் கடையில் தீபிகா என்று ஒரு பெண். ஒரு நாளில் எண்ணூறு சேலை விரிப்பாள், எழுநூற்றுத் தொண்ணூறு மடிப்பாள். நின்று வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டுமென்று சட்டம் வந்ததும் உன் அத்தான் நான்கு நாற்காலி வாங்கிப் போட்டார். அவற்றில் வாடிக்கையாளர்களின் கணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவள் பாட்டுப் பாடுவாள் என்று எழுதியவர் நின்று பார்த்ததில்லை. அவள் பேசவே மாட்டாள். எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வழக்கத்துக்காக எழுதுகிறேன்.

சந்திரிகா


மயிலாப்பூர்
5 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி பிடித்து விட்டுவிட்டது. மற்றபடி உற்சாகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

மெட்டு பிறந்துவிட்டது! நல்ல மெட்டு என்று நானே சொல்வது அழகல்ல. ஆனால் வேறு யாராவது சொல்லும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் தொழிலில் மெட்டு முதலில், வார்த்தை பிறகு. கவிஞர் வந்து எழுதும்வரை அளவு தெரிவதற்காக ‘தன்னன்னா’ என்று தத்தகாரம் பாடி வைப்போம். அல்லது வாய்க்கு வந்த எதையாவது பாடுவோம், அதற்கு டம்மி வரி என்று பெயர். தன்னன்னா எனக்கு ஒத்துவராது. கீபோர்டு மேல் ஏதோ காகிதம் கிடந்தது, அதில் இருந்த நான்கு வரியைப் பாடிவைத்தேன். அதில்தான் வம்பு.

கவிஞர் தமிழ்மாறன் வந்தார். பதினான்கு முறை எழுதினார். முதல் முறை நிலாவில் தொடங்கினார். ஜுவேரியா மரியாதையாகத்தான் சொன்னார்: ‘சார், அவ கடையை முடிச்சுட்டு மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்துல நிக்கிறா. நிலாவைப் பாக்க நிமிர்ந்தா பர்ஸ் போயிடும்.’

‘அப்ப விண்மீன்?’ என்றார் கவிஞர்.

‘அதுக்கும் நிமிரணும் சார்.’

கடைசியில், ‘இவர் பாடி வெச்சிருக்கற டம்மியே இருக்கட்டும், இதுல ஒரு எழுத்து மாத்தினா நான் நாடகத்தை விட்டுடுவேன்’ என்று ஜுவேரியா சொல்லிவிட்டார். தமிழ்மாறன் எழுந்து நின்று, ‘நாற்பது வருடத்தில் ஒரு டம்மியிடம் தோற்றது இதுதான் முதல் முறை’ என்று அழகான தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்கள் நாடகத்துக்குச் சொன்னதிலேயே நல்ல வரி அதுதான்.

அத்தானுக்கு வணக்கம்.

ஜவஹர்


நங்கநல்லூர்
18 மார்ச் 2024

தம்பிக்கு,

நாங்கள் நலம். கீபோர்டு மேல் கிடந்தது என்ன காகிதம்?

சந்திரிகா


மயிலாப்பூர்
2 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் கொடுமையாக இருக்கிறது. நீங்கள் மோர் குடிக்கிறீர்களா? மாம்பழம் இந்த வருஷம் சுமார். தெற்கு மாட வீதியில் ஒரு கடையில் மட்டும் பரவாயில்லை. அத்தானின் முட்டிக்குப் புதிதாக ஒரு எண்ணெய் வந்திருப்பதாக நதீமின் அம்மா சொல்கிறார்கள்.

காகிதம் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளைக் காகிதம். கோடு போட்டது.

சரி, நேராகவே எழுதுகிறேன். உன் ஜனவரிக் கடிதம்தான். ‘சாவி எதிர்வீட்டில், பால் ஃபிரிட்ஜில், சாப்பிட்டுப் பூட்டிக்கொண்டு போ, நான் எங்கே என்று கேட்க வேண்டாம்.’ வேண்டுமென்று எடுக்கவில்லை. கண்ணெதிரே இருந்தது, வாயில் வந்தது, மெட்டில் உட்கார்ந்துகொண்டது. தேவானை என்ன சொல்லுவாள் என்று ஆறு வாரம் தேடியதை நீ என்னைத் திட்டுகிற அவசரத்தில் நான்கு வரியில் எழுதிவிட்டாய். எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள் என்று நீயேதானே எழுதினாய்? ஜுவேரியா அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய், அரை மணி நேரம் தன் அம்மாவோடு போனில் பேசிவிட்டு வந்தார்.

ஜூலை முதல் தேதி வெளியீடு. பாடலாசிரியர் யார் என்று கம்பெனி வக்கீல் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். உன் கையெழுத்து வேண்டும். நாலு லட்சம் பேர் கேட்கப்போகிறார்கள் அக்கா. நீ பெருமைப்பட வேண்டிய விஷயம் இது. இந்தப் பாட்டு இல்லாமல் நாடகம் நிற்காது, என் பேரும் நிற்காது.

படிவத்தை இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து.

ஜவஹர்


நங்கநல்லூர்
11 மே 2024

தம்பிக்கு,

மோர் குடிக்கிறோம். படிவம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை.

முதல் முறை அழுதேன், எடுத்துக்கொண்டாய். பேச்சை நிறுத்தினேன். எழுதினேன், அதையும் எடுத்துக்கொண்டாய். இனி நான் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு மெட்டுப் போடுவாய் என்று நினைக்கிறேன்.

முதல் முறை நீ எடுத்ததிலிருந்து எனக்கு ஒன்று தேவைப்படுகிறது. உன் பேய்ப் படம் நான்கு நாள் ஓடியது. நான் நான்கு நாளும் போனேன். உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது. குளியலறைக் காட்சி வரும்வரை உட்கார்ந்திருப்பேன், முடிந்ததும் எழுந்து வந்துவிடுவேன். ஏன் என்று சொல்கிறேன். அன்று வீடு நிறையக் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் என்னிடம் ஏதாவது சொன்னார்கள், ஒன்றும் நினைவில்லை. நீ வந்து என் தோளைப் பிடித்து மெதுவாக உன் பக்கம் திருப்பினாய். அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. அந்த நாளில் எனக்கு ஆறுதலாக நடந்தது அது ஒன்றுதான். அது அந்தப் பதினோரு விநாடிக்கு முன்பா பின்பா என்று தெரிந்துகொள்ளத்தான் நாலு டிக்கெட் எடுத்தேன். பேய் போடுகிற சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதை வெட்டிய முழுப் பதிவும் உன்னிடம் இருக்கும். அனுப்பு. கேட்டுவிட்டுப் படிவத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

சந்திரிகா


மயிலாப்பூர்
6 ஜூலை 2024

அக்காவுக்கு,

நலம் என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உடம்பு நலம்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. நாற்பத்திரண்டு நிமிடம். நானே இதை முழுசாகக் கேட்டதில்லை. அந்தப் பதினோரு விநாடியைக் காதால் கேட்டு வெட்டவில்லை, திரையில் கோடு எங்கே உயரமாக இருந்ததோ அங்கே வெட்டினேன். உன் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். ஃப்ரீஸர் பெட்டி கொண்டுவந்தவர் பிளக் எங்கே என்று கேட்கிறார். அத்தான் யாருக்கோ போனில் வழி சொல்கிறார். மூன்று பேர் காபியா டீயா என்று வாதாடி டீயில் முடிக்கிறார்கள். இருபத்தாறாவது நிமிடத்தில் நீ.

நீ கேட்டது அதற்கு முன்னால் இருக்கிறது. தோளைத் தொட்டது பதிவாகாது. தொடும்போது நான் சொன்னது பதிவாகியிருக்கிறது. நீ அழுத அழுகையில் உனக்கு அன்று கேட்டிருக்காது. ‘அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு’ என்கிறேன். மைக் என் பக்கம், சட்டைப்பையில் இருந்தது.

இதை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஒன்றரை விநாடிதான். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவது என் தொழில், நதீமுக்கே தெரிந்திருக்காது. பென் டிரைவ் ஒன்றரை மாதம் மேஜைமேல் கிடந்ததற்குக் காரணம் அதுதான். வெட்டவில்லை.

நாற்பத்திரண்டு நிமிடத்தில் நான் அழும் சத்தம் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

உன் வரிகளை எடுத்துவிட்டேன். படிவத்தைக் கிழித்துவிடு. கவிஞரும் திரும்பி வர மறுத்துவிட்டதால் அந்த இடத்தில் வெறும் தத்தகாரம்தான், நிஷா என்ற பெண் பாடியிருக்கிறாள். ‘தேவானை தன்னன்னா பாடிக்கிட்டா வீட்டுக்குப் போறா?’ என்று ஜுவேரியா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் பகுதி திங்கட்கிழமை வெளியாயிற்று. ‘சொற்களின் போதாமையைச் சொற்களே இல்லாமல் உணர்த்தும் துணிச்சல்’ என்று ஒரு விமர்சகர் பாராட்டியிருக்கிறார். என் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, நான் போடாத வரிக்கு.

ஜவஹர்


தியாகராய நகர்
28 ஜூலை 2024

அன்புள்ள மச்சினன் ஜவஹருக்கு,

அத்தான் சுரேஷ்குமார் எழுதிக்கொண்டது. மில்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, குற்றம் பார்க்காதே. தங்கள் சரக்கு கிடைத்தது.

சந்திரிகா அதை வீட்டில் கேட்கவில்லை. கடையின் மூன்றாம் மாடி பட்டு குடோனுக்குக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே சத்தம் வெளியே வராது, நான்கு பக்கமும் சேலை. முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். ‘என்னம்மா?’ என்றேன். ‘அன்னைக்கு நீங்க போன்ல வழி சொன்னது தப்பு. பழவந்தாங்கல்ல எறங்கி வலது பக்கம் வரணும்’ என்றாள். என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சொல்லியிருப்பாள்.

பத்து நாளாக ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை. உன் நாடகத்துத் தன்னன்னாவை முணுமுணுக்கிறாள், பாதியில் நிறுத்திவிட்டு விரல் விட்டு எண்ணுகிறாள். இது நல்லதா கெட்டதா என்று தொழில் தெரிந்தவன் நீதான் சொல்ல வேண்டும்.

முட்டி எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது. நதீமின் தாயாருக்கு நன்றி சொல்லவும்.

சுரேஷ்குமார்


நங்கநல்லூர்
20 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

நலம். ரசத்தில் உப்பு சரியாகிவிட்டது.

கேட்டேன். முதலில் உனக்கு எழுத என்னிடம் நிறைய இருந்தது. எழுதினால் மெட்டுப் போட்டுவிடுவாய் என்பதால் எழுதவில்லை. அந்தத் தோளை இரண்டரை வருஷம் ஆறுதல் என்று வைத்திருந்தேன். இனிமேல் அது இல்லை. ஆனால் நீ வெட்டாமல் அனுப்பினாய். வெட்டியிருந்தால் எனக்குத் தெரியப்போவதே இல்லை. இரண்டில் எது கனம் என்று பார்க்க எனக்கு வரவில்லை. உன் அத்தானிடமும் கேட்க முடியாது. துணிக்கடைக்காரர் அளப்பார், நிறுக்க மாட்டார்.

நீ தேடியது அந்தப் பதிவில் இல்லை. ஆனால் நான் கேட்டிருக்கிறேன். பிப்ரவரி திதியன்று நான் எங்கே என்று கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். எதிர்வீட்டில் இருந்தேன். சாவி இருந்த இடத்திலேயே. ஜமீலுன்னிசா சாவியைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தபோது நான் அவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ கதவைத் திறந்தாய். சட்டைப்பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாய். கதவைச் சாத்தவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் நீ அழுத சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. ‘போய்ப் பாரும்மா, பாவம்’ என்றாள் ஜமீலுன்னிசா. நான் போகவில்லை. ஒன்றே முக்காலுக்கு நீ இலையில் உட்கார்ந்தாய். அதை யாரும் பதிவு செய்யவில்லை, நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு விஷயம். கடையில் பெண்கள் எல்லாரும் உன் நாடகத்தைக் கேட்கிறார்கள். போன வாரம் தீபிகா கேட்டாள்: ‘அக்கா, தேவானைக்கு ஏங்க்கா வாயடைச்சுப் போச்சு? முதலாளி பேசுறான், வீட்டுக்காரன் பேசுறான், சேலை வாங்க வர்றவ பேசுறா. இவ மட்டும் தன்னன்னாங்குறா. நாங்க என்ன அப்படியா?’ என்னிடம் பதில் இருந்தது. அது என் கடிதத்தில் இருந்தது.

ஆகவே கடைசிப் பகுதிக்கு வரிகளைத் தருகிறேன். ஆனால் நிஷா பாட வேண்டாம். நன்றாகப் பாடுகிறாள், அதுதான் கோளாறு. பதினோரு மணி நேரம் நின்றவள் அவ்வளவு நன்றாகப் பாட மாட்டாள். நான் பாடுகிறேன். ‘வரிகளும் குரலும்: சந்திரிகா’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கடைசியில் நன்றி என்று முணுமுணுக்கக் கூடாது. அங்கே வந்தாலும் உன்னோடு பேச மாட்டேன். மைக்கோடு பேசுவேன்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். இன்னொன்று அனுப்பு.

சந்திரிகா


மயிலாப்பூர்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

பிப்ரவரி பற்றி நீ எழுதியதற்கு எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன். செப்டம்பர் 11, புதன், காலை பத்து மணி. ஸ்டூடியோ மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், டெய்லர் கடை மாடியில். பலகை கிடையாது. வாசலில் நாய் இருக்கும், அதுவும் பேசாது.

பட்டுச் சேலை கட்டி வர வேண்டாம். மைக்கில் சரசரக்கும். இதைச் சேலைக் கடைக்காரர் மனைவியிடம் சொல்வதற்கு அத்தான் மன்னிக்கவும். வளையலைக் கழற்றிவிடு. தயிர் சாப்பிடாதே.

உன் முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். எதுவானாலும் நதீம் சொல்வான்.

படிவம் இணைப்பில். ‘பாடலாசிரியர்’ என்ற இடத்தில் உன் பெயரை நானே எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருக்கிறதா பார்.

ஜவஹர்


நங்கநல்லூர்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், அத்தான் நலம், முட்டி நலம். நீ நலமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

கடைசிப் பகுதியைக் கடையில் எல்லாருமாகக் கேட்டோம். அத்தான் ஐந்து நிமிடம் வியாபாரத்தை நிறுத்தினார். தீபாவளிக்கு முன்னால் அவர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தீபிகா நாற்காலியில் இருந்த ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து கேட்டாள். அவர் மனைவி எடுத்த சேலையை அப்புறம்தான் மடித்தாள். ஜமீலுன்னிசாதான், ‘சாவி எதிர்வீட்ல, பால் ஃபிரிட்ஜ்லன்னு நீ எங்கிட்ட தினமும் சொல்றதுதானே? இதுக்கா பேரெல்லாம் போடறாங்க? அப்ப எதிர்வீடுன்னு வருதே, எம் பேரு எங்க?’ என்று கேட்டாள். நியாயம்தான். உன் விமர்சகர், சொற்கள் வந்து பாடலைக் கெடுத்துவிட்டன என்று எழுதியிருக்கிறாரே. அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி. நான் பழைய காட்டன் வாயில் சேலைதான் கட்டி வந்தேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தாய். நதீம் நல்ல பிள்ளை. ‘அக்கா, சத்தம் வருதுன்னு ஏசி, ஃபேன் ரெண்டும் ஆஃப் பண்ணிக்கீறேன். அஞ்சு நிமிசம் தாங்குவீங்களா?’ என்றான். ‘கரண்ட் போனா கடையில நாப்பது பேரோட தாங்குறேன்’ என்றேன். மூன்று தடவை பாடினேன். மூன்றும் சரியில்லை என்று நதீமின் முகத்திலேயே தெரிந்தது. பேசுகிற பொத்தானை அவன் அணைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது, நீங்கள் பேசியது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

‘ணா, அக்கா சைடா நிக்கிறாங்க. குரல் செவுத்துக்குப் போய்க்கினு கீது. திரும்பச் சொல்லு.’

நீ கண்ணாடியை விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாய்.

‘இன்னாணா? ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் திரும்புன்னு சொல்லேன். டேக்கு டேக்கா வீணாப் போவுது.’

நீ அப்போதும் சொல்லவில்லை. மைக்கை நோக்கிக் குனிந்தாய், பிறகு நிமிர்ந்துகொண்டாய். அவனுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. அதனால்தான் கேட்டேன்.

‘எந்தப் பக்கம்டா திரும்பணும்?’

ஒரு வருஷம் ஒன்பது மாதம் கழித்து உன்னிடம் பேசினேன். இதைவிட நல்ல வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன், சமயத்தில் அது வரவில்லை. நீ கையைக் காட்டினாய். திரும்பினேன். நான்காவது தடவை பாடியதுதான் நீங்கள் நாடகத்தில் போட்டது.

அடுத்த திதிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கும், நானும். வடையைச் சூடாகவே போடுகிறேன்.

நான் அப்படிக் கேட்டபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பதிவாகியிருக்கும். வைத்துக்கொள். எதிலும் போடாதே.

அன்புடன்,
அக்கா